ரெயின் இன் பிளட்: 28 நிமிடம் 58 நொடி இன்னும் ஏன் அலுக்கவில்லை?

கேசட்காலம்:

நேற்றுப் பரணைச் சுத்தம் செய்ய ஏறியவன் பழைய கேசட் பெட்டியோடு இறங்கினேன். ஒட்டடை அப்படியே இருக்கிறது, வீட்டில் பேச்சு வாங்கியாயிற்று. பெட்டியில் ஓர் அறுபது நிமிட கேசட். ஏ பக்கத்தில் நீலப் பேனாவால் 'ஸ்லேயர்' என்று எழுதியிருக்கிறேன். பி பக்கத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறேன்.

1994ல், கல்லூரி இரண்டாம் வருடம், எங்கள் ஊரில் கேட்ட பாட்டைப் பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் அமெரிக்க மெட்டல் பேண்டு ஸ்லேயரின் 'ரெயின் இன் பிளட்' ஆல்பம் முழுவதையும் ஏற்றிவிட்டு, "தம்பி, ஒரு பக்கத்துலயே முடிஞ்சிருச்சு, அந்தப் பக்கம் என்ன போட?" என்று கேட்டார். முப்பது நிமிடப் பக்கம், 28 நிமிடம் 58 நொடி ஆல்பம். எனக்கு வேறு எந்தப் பேரும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "அதையே போட்ருங்கண்ணே" என்றேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அமெரிக்காவில் கம்பெனி வெளியிட்ட கேசட்டிலேயே இரண்டு பக்கமும் முழு ஆல்பம் இருந்தது என்று.

சரி, கேள்விக்கு வருகிறேன். இது 1986 அக்டோபர் 7ல் வந்த ஆல்பம். இதைவிட வேகமாக வாசிப்பவர்கள் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இதைவிடக் கோரமாகப் பாடல் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் இருந்த மற்ற பல கேசட்டுகளைப் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. இதை மட்டும் நேற்று இரண்டு பக்கமும் கேட்டேன். ஏன்?

என் பதில்: கத்தரி. ஸ்லேயரின் முந்தைய ஆல்பமான 'ஹெல் அவெய்ட்ஸ்' 1985ல் வந்தது. ஏழே பாட்டு, 37 நிமிடம். ஒவ்வொன்றும் நீளமான, சுற்றி வளைத்துப் போகும் பாட்டு. அடுத்த வருடமே அதே நாலு பேர் பத்துப் பாட்டை 29 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். ஏழு பாட்டு மூன்று நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. கிட்டாரிஸ்ட் ஜெஃப் ஹேன்மன் பின்னாளில் பேட்டியில் இதற்குக் காரணம் சொன்னார். அப்போது மெட்டாலிகா, மெகாடெத் பேண்டுகளைக் கேட்டபோது ஒரே ரிஃப் (கிட்டாரில் வரும் சின்ன இசைத்துண்டு) திரும்பத் திரும்ப வருவது அலுப்பாக இருந்ததாம். ஒரு சரணத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தாலே தங்களுக்குச் சலித்துவிடும் என்றார். ஒலிப்பதிவு முடிந்து நீளத்தைப் பார்த்ததும் பேண்டுக்கே சந்தேகம், இது ஒரு ஆல்பத்துக்குப் போதுமா என்று. பத்துப் பாட்டு இருக்கிறதே, ஆல்பம்தான் என்று தயாரிப்பாளர் ரிக் ரூபின் சொல்லிவிட்டார்.

அலுப்பதற்கு நேரமே தராத ஆல்பம் என்பதுதான் என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(ஒரு சின்ன விஷயம். ஆல்பத்தின் பெயரில் உள்ள 'ரெயின்' ஆட்சி. கடைசிப் பாட்டு 'ரெயினிங் பிளட்'டில் உள்ளது மழை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. குழம்ப வேண்டாம்.)

பப்பட்தாசன்:

அண்ணே, வழக்கம்போல நான்தான் முதலில் வந்து எதிர்க்க வேண்டியிருக்கிறது.

அதே 1986, மார்ச் மாதம், மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்'. எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். யாருக்கு அலுத்தது? தலைப்புப் பாட்டு எட்டரை நிமிடம் ஓடுகிறது. நடுவில் எல்லாம் அடங்கி, இரட்டைக் கிட்டார் மெதுவாகப் பாடுகிறதே, அந்த இடம் வந்ததும் சமையலறையில் இருப்பவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்த முதல் மெட்டல் ஆல்பம் அது. ஸ்லேயர் ஆல்பம் அமெரிக்க பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 94ஆம் இடத்தோடு நின்றது, மெட்டாலிகா 29க்குப் போனது.

நீளம் குறைவு என்பதற்காக ஒன்று நிலைக்கும் என்றால் விளம்பரப் பாட்டுதான் உலகிலேயே சிறந்த இசையாக இருக்க வேண்டும்.

இரட்டைமிதி:

வந்துட்டார்யா.

கத்தரி என்பது பாதி உண்மை. வெட்டிக் குறைத்தால் மட்டும் போதாது, மிச்சம் இருப்பதை யார் வாசிக்கிறார் என்று பார்க்க வேண்டும். நான் பதினைந்து வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன் (சம்பாதித்தது ஒன்றும் இல்லை), அதனால் என் பார்வை ஒருதலையாக இருக்கலாம். ஆனால் இந்த ஆல்பத்தைத் தாங்குவது ஸ்லேயர் டிரம்மர் டேவ் லொம்பார்டோவின் கால்கள். ஹவானாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். பதிவின்போது வயது 21. மற்றவர்களும் பொடியன்கள்தான். ஹேன்மனுக்கும் இன்னொரு கிட்டாரிஸ்ட் கெர்ரி கிங்குக்கும் 22, பாடகர் டாம் அராயாவுக்கு 25, தயாரிப்பாளர் ரூபினுக்கே 23.

முதல் பாட்டு 'ஏஞ்சல் ஆஃப் டெத்' முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் சட்டென்று நிறுத்துவார்கள். காலால் மிதித்து அடிக்கும் இரண்டு பேஸ் டிரம் மட்டும் தனியாக ஓடும். சில நொடிதான். அந்தச் சில நொடிக்காக உலகம் முழுக்க எத்தனை பையன்கள் இரட்டை மிதி வாங்கினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. நானும் ஒருவன். வாங்கி ஆறு மாதம் கழித்தும் என்னுடையது படிக்கட்டில் தேங்காய் உருள்வது போலத்தான் கேட்டது.

அவருடைய வேகத்தில் இயந்திரத்தனம் இல்லை. இன்றைய மெட்டல் பதிவுகள் பலவற்றில் டிரம்ஸை ஒவ்வோர் அடியாகக் கணினியில் நேராக்கி, ஒரே மாதிரி சத்தமாக மாற்றிவிடுகிறார்கள். லொம்பார்டோ அப்படி இல்லை. ஒரு அடி கொஞ்சம் பலமாக விழும், அடுத்தது லேசாக விழும். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குப் போகும்போது டாம் டிரம்களில் உருட்டிக்கொண்டு ஒரு மயிரிழை முந்திப் பாய்வார், கிட்டார்கள் துரத்திக்கொண்டு ஓடும். பஸ்ஸில் படியில் தொங்குவது போல ஒரு பயம் கேட்பவனுக்கு வரும். விழவில்லை, ஆனால் விழலாம். அந்த 'விழலாம்' இல்லாததால்தான் இதைவிட வேகமான ஆல்பங்கள் எனக்குத் தூக்கம் வரவழைக்கின்றன.

பப்பட்தாசா, உங்கள் மெட்டாலிகா டிரம்மரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நெறியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சும்மாகேட்பவன்:

புதியவன். மன்னிக்க வேண்டும். இந்த இழையைப் படித்துவிட்டு இப்போதுதான் போட்டுக் கேட்டேன். மூன்று பாட்டு தாண்டவில்லை. கொத்து பரோட்டாக் கடையில் நிற்பது போல இருந்தது. எந்தப் பாட்டு எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. இதில் நீங்கள் எல்லோரும் எதைக் கேட்கிறீர்கள்? கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

இரட்டைமிதி:

தம்பி, எதில் கேட்டீர்கள்?

சும்மாகேட்பவன்:

போனில். ஸ்பீக்கர் போட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே.

இரட்டைமிதி:

அப்படியானால் நீங்கள் பேஸ் டிரம்மையே கேட்கவில்லை. போன் ஸ்பீக்கரில் அது வராது. ஆளே இல்லாத கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறீர்கள். ஹெட்போன் போட்டு, கையில் வேறு வேலை இல்லாமல் ஒரு தடவை கேளுங்கள். கொத்து பரோட்டா போடும் மாஸ்டருக்கும் தாளம் உண்டு, அவரையும் ஒருநாள் நின்று கேளுங்கள்.

மோகனம்:

நான் இந்தப் பக்கம் எழுதி நாளாயிற்று. பத்து வருடம் வாய்ப்பாட்டு படித்தவள், அண்ணன் புண்ணியத்தில் மெட்டலுக்குள் வந்தவள். சும்மாகேட்பவன் கேட்ட கேள்விக்கு என் வழியில் பதில் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் தவில் கேட்டிருக்கிறீர்களா? நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே கான்கிரீட். தவில்காரர் துரிதத்துக்குப் போனதும் ஒரே இரைச்சலாகிவிடும். ஓர் அடி சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த பத்து அடி விழுந்துவிடுகிறது. அதே வித்வான், அதே தவில், கோயில் வீதியில் திறந்தவெளியில் வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும்.

எண்பதுகளில் நிறைய மெட்டல் ஆல்பங்கள் கல்யாண மண்டபத்தில் பதிந்தது போலத்தான் இருந்தன. பிரம்மாண்டமாகக் கேட்க வேண்டும் என்று எல்லாவற்றின் மேலும் எதிரொலியை ஊற்றினார்கள். 'ஹெல் அவெய்ட்ஸ்' அப்படிப்பட்ட பதிவு. நிதானமான பாட்டுக்கு அது சரி. இந்த ஆல்பத்தின் வேகத்துக்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 210 அடி என்றால் நொடிக்கு மூன்றரை. ஒவ்வோர் அடியையும் நாலாகப் பிரித்துக் கிட்டாரில் மீட்டினால் நொடிக்கு 14 மீட்டல். எதிரொலி ஒன்றரை நொடி நீண்டால்கூட 21 மீட்டல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கேட்பதற்கு மிஞ்சுவது புகைமூட்டம்தான்.

ரூபின் செய்தது அந்த எதிரொலியைத் துடைத்து எறிந்தது. அவர் மெட்டல் உலகத்து ஆளே இல்லை. கல்லூரி விடுதி அறையில் டெஃப் ஜாம் கம்பெனியைத் தொடங்கியவர், ஹிப்ஹாப் பதிவுகள் செய்துகொண்டிருந்தவர். ஹிப்ஹாப்பில் டிரம்ஸ் உங்கள் முகத்துக்கு நேரே, உலர்ந்து, பக்கத்தில் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தார். ஒலிப்பொறியாளர் ஆண்டி வாலஸ், ஐந்து வருடம் கழித்து நிர்வாணா பேண்டின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்கு ஒலிக்கலவை செய்தவர். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், டிரம்ஸ் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று.

கேசட்காலம் அண்ணா நேரத்தை வெட்டியதைச் சொன்னார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இடத்தை வெட்டியது. இந்த ஆல்பத்தில் அறை என்று ஒன்று கிடையாது. எண்பதுகளின் நாகரிகம் அந்த எதிரொலியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால்தான் மற்ற ஆல்பங்களைக் கேட்டதும் வருடம் தெரிந்துவிடுகிறது. இதில் வருடம் தெரியவில்லை.

கேசட்காலம்:

மோகனம், முப்பது வருடமாகக் கேட்கிறேன், தவில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆறாம்தந்தி:

ஹிப்ஹாப் என்றதும் ஒன்று. 'ஏஞ்சல் ஆஃப் டெத்' நடுவில் வேகம் பாதியாகக் குறைந்து ஒரு ரிஃப் வரும். அதை எடுத்து 1988ல் ஹிப்ஹாப் குழு பப்ளிக் எனிமி தங்கள் பாட்டு ஒன்றின் அடித்தளமாக வைத்தார்கள். 1986லேயே பீஸ்டி பாய்ஸ் என்ற ஹிப்ஹாப் குழுவின் பாட்டு ஒன்றில் கெர்ரி கிங் போய் கிட்டார் சோலோ வாசித்துவிட்டு வந்தார். இரு தரப்புக்கும் நடுவில் நின்றவர் ரூபின். மோகனம் சொன்னது சரிதான் என்பதற்கு இவை சாட்சி. உலர்ந்த பதிவாக இல்லாவிட்டால் அந்த ரிஃப்பை இப்படிக் கத்தரித்து ஒட்டியிருக்க முடியுமா?

ஆனால் எல்லோரும் தயாரிப்பாளரைப் பற்றியே பேசுகிறீர்கள். ரிஃப் இல்லாமல் ரூபின் எதைத் துடைத்திருப்பார்?

ஹேன்மன் ஹார்ட்கோர் பங்க் பைத்தியம். மற்ற பேண்டுகள் அயர்ன் மெய்டனையும் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டையும் வேகப்படுத்திக்கொண்டிருந்தபோது இவர் பிளாக் ஃபிளாக், டி.ஆர்.ஐ. மாதிரி ஆட்களை உள்ளே கொண்டுவந்தார். ஒன்றரை நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போகும் பழக்கம் அங்கிருந்து வந்தது. 'நெக்ரோஃபோபிக்' ஒரு நிமிடம் நாற்பது நொடிதான். அதே நேரத்தில் சுரங்கள் பங்க் சுரங்கள் இல்லை. அடுத்தடுத்த ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் உள்ள கட்டம்) அரைச்சுரம் அரைச்சுரமாக நகரும், எங்கும் உட்காராது. வழக்கமான ராக் பாட்டில் ஒரு வரி முடியும்போது வீட்டுக்கு வந்துவிட்ட உணர்வு கிடைக்கும். இங்கே வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்திவிடுவார்கள்.

சோலோக்களைக் கேலி செய்யாத ஆளே இல்லை. பூனையை மிதித்தது போல என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒழுங்காக ஸ்கேல் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று எங்கள் கிட்டார் வாத்தியார் ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். பிறகு ஒருநாள், 'ஆல்டர் ஆஃப் சேக்ரிஃபைஸ்' சோலோ வரும் இடத்தில் அழகான, மெட்டு உள்ள ஒரு சோலோவை நானே வாசித்துப் பதிந்து பார்த்தேன். சகிக்கவில்லை. தீப்பிடித்த வீட்டில் ஒருவன் நின்று நலங்கு பாடுவது போல இருந்தது. அந்தப் பாட்டுக்குக் கூச்சல்தான் பொருத்தம். அதன் பிறகு கிங்கையும் ஹேன்மனையும் கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

பப்பட்தாசன்:

சோலோவுக்கே வக்காலத்தா! இன்றைக்குத் தூங்கின மாதிரிதான்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அசைக்க முடியாதவை. நடுவில் உள்ள எட்டுப் பாட்டு? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், 'எபிடமிக்'கையும் 'ரீபார்ன்'னையும் கலைத்துப் போட்டால் எது எது என்று உடனே சொல்வீர்களா? இரண்டு பெரிய தூண், நடுவில் ஒரு பந்தல். அவ்வளவுதான் இந்த ஆல்பம்.

கேசட்காலம்:

'எபிடமிக்' எது என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் வாதத்தில் விஷயம் இருக்கிறது. தனியாக எடுத்துப் போட்டுக் கேட்கும் ஆல்பம் இது இல்லை. 'ஆல்டர் ஆஃப் சேக்ரிஃபைஸ்' முடிவதும் 'ஜீசஸ் சேவ்ஸ்' தொடங்குவதும் ஒரே மூச்சு. 'போஸ்ட்மார்ட்டம்' அப்படியே 'ரெயினிங் பிளட்'டுக்குள் போய் விழும். பத்துப் பாட்டு என்பதைவிட, பத்து இடத்தில் மூச்சு வாங்கும் ஒரே பாட்டு என்று கேட்டால் பந்தல் பிரச்சினை வராது.

இன்னொன்று. 'போஸ்ட்மார்ட்டம்' கொஞ்சம் நிதானமாக நடக்கும். இருபது நிமிடம் ஓடிய பிறகு அந்த நடை எப்படி இருக்கிறது தெரியுமா? வேகமான இடங்களைவிட எனக்கு அங்கேதான் பயம் வரும். இதை அவர்களே உணர்ந்திருப்பார்கள் போல. 1988ல் வந்த 'சவுத் ஆஃப் ஹெவன்' ஆல்பத்தில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார்கள்.

தாழ்வாரம்:

நீங்கள் எல்லோரும் வேகம், தவில், பூனை என்று பேசிக்கொண்டே இருக்கிறீர்கள். முதல் பாட்டு எதைப் பற்றியது என்று யாருமே சொல்லவில்லை. இசைதான் முக்கியம், வரியைப் பார்க்காதே என்பது நம் மெட்டல் கூட்டத்தின் பழைய தப்பித்தல்.

'ஏஞ்சல் ஆஃப் டெத்' யோசெஃப் மெங்கலே பற்றிய பாட்டு. ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகள் மேல், குழந்தைகள் மேல், பரிசோதனை என்ற பெயரில் சித்திரவதை செய்த மருத்துவர். போருக்குப் பின் தென் அமெரிக்காவுக்குத் தப்பியவர், பிரேசிலில் 1979ல் கடலில் மூழ்கிச் செத்தார், கடைசிவரை பிடிபடவில்லை. 1985 ஜூனில்தான் கல்லறையைத் தோண்டி எலும்புகளை அடையாளம் கண்டார்கள். இந்த ஆல்பம் பதிவானது அதற்கு அடுத்த வருடம். அதாவது இது பழங்கதையாக ஆகியிராத நேரம். முகாம்களில் இருந்து உயிரோடு வந்தவர்கள் அமெரிக்காவிலேயே அறுபது எழுபது வயதில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

டெஃப் ஜாமின் விநியோகஸ்தரான கொலம்பியா இந்தப் பாட்டையும் அட்டைப்படத்தையும் காரணம் காட்டி ஆல்பத்தை வெளியிட மறுத்தது. பிறகு கெஃபன் கம்பெனி விநியோகித்தது, அதுவும் தன் வெளியீட்டுப் பட்டியலில் போடாமலே. நாஸி ஆதரவாளர்கள் என்ற குற்றச்சாட்டு அதன் பிறகு இவர்களை வருடக்கணக்காகத் துரத்தியது. ஹேன்மன் சொன்ன விளக்கம், சுற்றுப்பயணத்தில் மெங்கலே பற்றிய புத்தகங்களை வாங்கிப் படித்தேன், அதிலிருந்து எழுதினேன், அவன் கெட்டவன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா, அது தெரிந்ததுதானே என்பது. நான் அவரை நாஸி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பாட்டில் செத்தவர்களுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. செய்தவனுக்குத்தான் பட்டப்பெயரும் ரிஃப்பும் கிடைத்திருக்கின்றன. கூட்டம் முஷ்டியை உயர்த்திக் கத்துவது அந்தப் பட்டப்பெயரை.

இந்த ஆல்பம் நிலைத்ததற்கு இந்தச் சர்ச்சைக்கும் பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டு ஒலிப்பதிவு நுணுக்கம் மட்டும் பேசினால் எப்படி?

இரட்டைமிதி:

பட்டப்பெயர் அவர்கள் வைத்தது இல்லை, கைதிகள் வைத்தது. மற்றதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

மோகனம்:

தாழ்வாரம் சொன்னதை நானும் யோசித்திருக்கிறேன். எனக்கு இரண்டு மனசு.

தீர்ப்புச் சொல்லாமல் விவரிப்பதற்கு ஒரு பலம் உண்டு. அராயா அந்தப் பாட்டில் அழுவதில்லை, கோபப்படுவதில்லை, மருத்துவ அறிக்கை வாசிப்பது போல வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறார். (இவர் பேண்டுக்கு முன்னால் மருத்துவமனையில் சுவாச சிகிச்சையாளராக வேலை பார்த்தவர். அந்தச் சம்பளச் சேமிப்பும் கெர்ரி கிங்கின் அப்பா கொடுத்த கடனும்தான் முதல் ஆல்பத்துக்கு முதலீடு. ஆள் கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர் என்பது இன்னொரு வேடிக்கை.) அந்த உணர்ச்சியற்ற குரல் எனக்கு முதல் தடவை வயிற்றைக் கலக்கியது. போய் மெங்கலே யார் என்று தேடிப் படித்தேன். பள்ளியில் இரண்டாம் உலகப்போர் ஐந்து மதிப்பெண் வினா. நான் அதைப் பற்றி உண்மையாகப் படித்தது இந்தப் பாட்டால்தான்.

இன்னொரு மனசு சொல்வது: அப்படித் தேடிப் படிக்காதவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இது வெறும் பேய்க்கதை, மற்ற பாட்டுகளில் வரும் சாத்தான் போல இன்னொரு சாத்தான். ஆல்பத்தின் வரிசையே அப்படி நினைக்க வைக்கிறது. நிஜமான ஒரு கொடூரத்துக்கு அடுத்து ஒன்பது கற்பனைக் கொடூரம். அந்த இடத்தில் தாழ்வாரம் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

கேசட்காலம்:

பதினெட்டு வயதில் எனக்கு மெங்கலே யார் என்று தெரியாது. அந்த ஆரம்பக் கூச்சல் வந்ததும் விடுதியில் நாலு பேர் சேர்ந்து கத்துவோம். இன்று அந்தப் பாட்டு வரும்போது சேர்ந்து கத்த முடியவில்லை, கேட்கிறேன். அதைத் தாண்டி எனக்கு நியாயப்படுத்த ஒன்றும் இல்லை. முதல் பதிவில் இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

நெறியாளர்:

நல்லபடியாகப் போகிறது. இப்படியே போகட்டும். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், ஏன் என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

ஆறாம்தந்தி:

அட்டைப்படத்தை வரைந்த லாரி கேரல் பத்திரிகைகளுக்கு அரசியல் ஓவியம் வரைந்துகொண்டிருந்தவர். அதனால்தானோ என்னவோ, மற்ற மெட்டல் அட்டைகளில் இருக்கும் வழவழப்பான பூதங்கள் இதில் இல்லை. அழுக்கும் ரத்தமும் ஒட்டிய, கையால் கிழித்து ஒட்டியது போன்ற நரகம். நான் பார்த்தது நகல் எடுத்த கறுப்பு வெள்ளை உறைதான். அதிலேயே பயமாக இருந்தது.

இரட்டைமிதி:

யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? 2012 அக்டோபரில் பெங்களூரு வந்தார்கள். நாங்கள் ஏழு பேர் ராத்திரி ரயிலில் போனோம். ஹேன்மன் வரவில்லை, கையில் வந்த தொற்றால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் எக்ஸோடஸ் பேண்டின் கேரி ஹோல்ட். அடுத்த மே மாதமே ஹேன்மன் போய்விட்டார். அராயா 2010ல் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், தலையை ஆட்டவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்களாம். சிலை போல நின்று பாடினார். எங்களுக்குத்தான் அவர் பங்கையும் சேர்த்துக் கழுத்து வலித்தது.

'ரெயினிங் பிளட்' தொடக்கத்தில் டாமில் மூன்று மூன்று அடியாக விழுமே, இடியோசைக்கு நடுவில். அந்த முதல் மூன்று அடி விழுந்ததும் பின்னால் நின்ற ஆள், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் அவரைப் பிடித்து உலுக்கினேன். என்ன மொழி பேசுகிறவர் என்றுகூடத் தெரியாது.

பப்பட்தாசன்:

அந்த மூன்று அடிக்கு நானும் அடிமை. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், ஒரே ஒரு புகார், இதை ஸ்லேயர் ரசிகர்களே ஒப்புக்கொள்வீர்கள். 1998ல் வந்த மறுவெளியீட்டுச் சிடியில் கடைசியில் இரண்டு பாட்டைக் கூடுதலாக ஒட்டியிருக்கிறார்கள். 'ரெயினிங் பிளட்' முடிவில் எல்லாம் சிதறி, மழை மட்டும் பெய்து ஓய்கிறது. அந்த மழைக்குப் பிறகு இன்னொரு கிட்டார் வந்து தொடங்குவது, சாவு வீட்டில் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியவர்களைப் பிடித்து வைத்து மறுபடி பறையடிப்பது போல.

கேசட்காலம்:

முதல் தடவையாக நானும் நீங்களும் ஒரே கட்சி. அந்த 34 நிமிடச் சிடியில் இருபத்தொன்பதாவது நிமிடம் எழுந்து போய் நிறுத்திவிடுவேன். என் கேசட்டில் மழை நின்றதும் ஒரு நிமிடம் வெறும் டேப் இரைச்சல், பிறகு 'டக்' என்று பொத்தான் மேலே வரும். எனக்கு ஆல்பம் முடிவது அந்த 'டக்'கில்தான்.

மோகனம்:

அமெரிக்கப் பாடகி டோரி ஏமோஸ் 2001ல் 'ரெயினிங் பிளட்'டைப் பியானோவில் மெதுவாகப் பாடியிருப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த வேகமும் டிரம்ஸ் பாய்ச்சலும் கிட்டார் கூச்சலும் இல்லை. நாம் இதுவரை காரணம் என்று சொன்ன எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அப்போதும் அந்த மெட்டில் ஏதோ இருக்கிறது. நம் காரணங்களில் ஓட்டை இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

ஆறாம்தந்தி:

அதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். ரிஃப்.

சும்மாகேட்பவன்:

மறுபடி நான்தான். எல்லோரும் சொன்னபடி ஹெட்போன் வாங்கவில்லை, மாமாவின் பழைய ஸ்பீக்கர் செட்டைத் தூசி தட்டி எடுத்தேன். நேற்று மதியம் வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு முழுசாகப் போட்டேன்.

முதல் பாட்டைத் தாழ்வாரம் எழுதியதைப் படித்த பிறகு கேட்டதால் சங்கடமாகத்தான் இருந்தது. நடுவில் எது எந்தப் பாட்டு என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு பேஸ் டிரம் தனியாக ஓடும் இடம் வந்ததும் ரிவைண்ட் செய்தேன். மூன்று தடவை. அப்படியென்றால் எனக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம் போல.

கடைசிப் பாட்டில் இடியும் மழையும் தொடங்கியதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினார். வடகம் காயப்போட்டிருந்தது. வெயில் கொளுத்துகிறது, தலைமேல் கூடையோடு நின்றுகொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறார். கீழே வந்து என்னைத் திட்டிய திட்டில் மீதிப் பாட்டு கேட்கவில்லை. அதனால் முடிவு எப்படி என்று இன்னும் எனக்குத் தெரியாது.

கேசட்காலம்:

வடகம் எடுத்தாயிற்றல்லவா, இன்று மறுபடி போடுங்கள்.